ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கு என்னென்ன சிறுகதைப் போட்டிகள் இருக்கின்றன? நைரோபியில் உள்ள என் தோழி எழுதிய முதல் கதையை நேரடியாகக் கெய்ன் பரிசுக்கு அனுப்பலாமா?

அனுப்ப முடியாது. ஆப்பிரிக்கச் சிறுகதைகளுக்கான கெய்ன் பரிசு ஏற்கெனவே வெளிவந்த கதைகளுக்கு மட்டும்தான். அதையும் எழுதியவர் அனுப்பக் கூடாது. கதையை வெளியிட்ட பத்திரிகையோ பதிப்பகமோதான் அனுப்ப வேண்டும். எழுதியவர் தானே மின்னஞ்சலில் அனுப்பும் கதையை அங்கே யாரும் படிக்கப் போவதில்லை.

அதனால் பரிசுப் பட்டியலைத் தேடும் முன் ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: கையில் இருக்கும் கதை எங்காவது வெளிவந்துவிட்டதா, இல்லையா? ஆப்பிரிக்கப் போட்டிகள் பெரும்பாலும் இந்தக் கோட்டின் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. பலர் சறுக்குவதும் இங்கேதான். நண்பர்கள் படிக்கட்டும் என்று கதையை முகநூலிலோ சொந்த வலைப்பூவிலோ போட்டுவிடுவார்கள். வெளிவராத கதை கேட்கும் போட்டிகள் பலவற்றில் அதுவே பிரசுரம் என்று கணக்காகிவிடும். அதே சமயம், கெய்ன் பரிசுக்குப் பரிந்துரைக்க ஒரு பத்திரிகையும் அதற்குப் பின்னால் இருக்காது. கதை இரண்டு பக்கமும் செல்லாததாகிவிடும்.

வெளிவராத கதை என்றால் முதலில் பார்க்க வேண்டியது காமன்வெல்த் சிறுகதைப் பரிசு. நுழைவுக் கட்டணம் இல்லை, 2,000 முதல் 5,000 சொற்கள், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு கதை. வழக்கமாகச் செப்டம்பர் தொடக்கத்தில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். ஐந்து வட்டாரங்களில் ஆப்பிரிக்கா ஒன்று. வட்டார வெற்றியாளருக்கு 2,500 பவுண்டு, ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 5,000 பவுண்டு. வட்டாரத்தில் வென்ற கதைகள் பிரிட்டனின் புகழ்பெற்ற இலக்கிய இதழான கிராண்டாவின் தளத்தில் வரும். என்னைக் கேட்டால் பணத்தைவிட அதுதான் பெரியது. 2014இல் உகாண்டாவின் ஜெனிஃபர் நன்சுபுகா மகும்பியும் 2022இல் எஸ்வாட்டினியின் ன்ட்சிகா கோட்டாவும் ஒட்டுமொத்தப் பரிசையே வென்றார்கள். ஆனால் சமீப ஆண்டுகளில் மொத்தம் 7,000 கதைகளுக்கு மேல் வருகின்றன. இதை ஒன்றை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இந்தப் பரிசுக்குத் தகுதி என்பது ஏதேனும் ஒரு காமன்வெல்த் நாட்டின் குடியுரிமை. எத்தியோப்பியாவும் செனகலும் எகிப்தும் காமன்வெல்த்தில் இல்லை. ஜிம்பாப்வே 2003இல் வெளியேறிவிட்டது. டோகோவும் காபோனும் 2022இல்தான் சேர்ந்தன. எத்தியோப்பியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு நைரோபியில் பத்து வருடம் வாழ்ந்தாலும் இந்தப் பரிசுக்குத் தகுதி வராது. கெய்ன் பரிசின் கணக்கு வேறு: ஆப்பிரிக்காவில் பிறந்திருக்கலாம், ஏதேனும் ஓர் ஆப்பிரிக்க நாட்டின் குடியுரிமை இருக்கலாம், அல்லது பெற்றோரில் ஒருவர் பிறப்பாலோ குடியுரிமையாலோ ஆப்பிரிக்கராக இருந்தாலும் போதும். ‘ஆப்பிரிக்க எழுத்தாளர்’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு போட்டியும் தனி விளக்கம் வைத்திருக்கிறது. விதிமுறையில் முதலில் படிக்க வேண்டிய பத்தி அது.

தோழி கென்யர் என்றால் ஷார்ட் ஸ்டோரி டே ஆப்பிரிக்கா என்ற அமைப்பின் போட்டியை அவர் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நடப்பதில்லை. நடக்கும்போது ஒரு கருப்பொருள் தந்து, வெளிவராத கதை கேட்டு, தேர்வானவற்றை எடிட்டர் ஒருவரோடு உட்காரவைத்துச் செப்பனிட்டுத் தொகுப்பாகப் போடுகிறார்கள். அந்தத் தொகுப்பு அச்சானதும் அதே கதை கெய்ன் பரிசுக்குத் தகுதி பெற்றுவிடுகிறது. கென்யாவின் ஓக்விரி ஒடுவோர் இப்படித்தான் இங்கே வென்ற கதையைக் கொண்டே 2014இல் கெய்ன் பரிசையும் பெற்றார். 2022இல் வென்ற இட்சா லுஹும்யோவின் கதையும் இவர்களுடைய ‘டிஸ்ரப்ஷன்’ தொகுப்பில் வந்ததுதான். சொல்லப்போனால் இந்தச் சங்கிலியைத் தொடங்கியதும் ஒரு கென்யர். பின்யவங்கா வைனைனா 2002இல் ஓர் இணைய இதழில் வந்த எழுத்துக்குக் கெய்ன் பரிசு வாங்கினார், நைரோபியில் ‘குவானி?’ என்ற இதழைத் தொடங்கினார். 2003இல் பரிசு வென்ற இவோன் ஒவூரின் கதை அந்த இதழில் வந்தது.

கெய்ன் பரிசைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2000ஆம் ஆண்டிலிருந்து தரப்படுகிறது, முதல் வெற்றியாளர் சூடானின் லைலா அபூலேலா. பரிசு 10,000 பவுண்டு. கதை 3,000 முதல் 10,000 சொற்கள் வரை இருக்கலாம். ஆங்கிலத்தில் வெளிவந்திருக்க வேண்டும், மொழிபெயர்ப்பும் சேர்த்தி. குழந்தைக் கதை, நாடகம், வாழ்க்கை வரலாறு சேராது. நடைமுறையில் நடக்கும் கோளாறு என்னவென்றால், சிறிய இதழ்களின் ஆசிரியர்கள் பரிந்துரைக்க மறந்துவிடுவார்கள், அல்லது கடைசி நாள் கடந்த பிறகு நினைவுக்கு வரும். கதை வெளியான அன்றே ஆசிரியருக்கு ஒரு மடல் போட்டு, ‘இதைப் பரிந்துரைப்பீர்களா’ என்று கேட்டுவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2025இல் வழக்கமான போட்டி நடக்கவில்லை, 25 ஆண்டு நிறைவுக்கான சிறப்பு விருது மட்டும் கொடுத்தார்கள். எனவே அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவிதை எழுதுகிறவர் என்றால் பாதை இன்னும் நேரானது. ஆப்பிரிக்கன் பொயட்ரி புக் ஃபண்ட் என்ற அமைப்பு நடத்தும் சில்லர்மேன் பரிசு, இதுவரை முழுத் தொகுப்பு வராத கவிஞருக்கானது: 1,000 டாலர், கூடவே நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாகப் புத்தகம். கட்டணம் இல்லை. தொகுப்பு அளவுக்குச் சரக்கு சேரவில்லையா, பத்துக் கவிதை மட்டும் கேட்கும் எவரிஸ்டோ பரிசு இருக்கிறது. முன்பு புரூனெல் பரிசு என்று பெயர். 2013இல் அதன் முதல் வெற்றியாளர் வார்சன் ஷயர். பாடகி பியோன்சேயின் ‘லெமனேட்’ ஆல்பத்தில் கேட்கும் கவிதை வரிகள் அவருடையவைதான்.

நைஜீரிய இலக்கியப் பரிசு 1,00,000 டாலர் என்பதால் எல்லோர் கண்ணும் அதில்தான். நைஜீரியருக்கு மட்டும், வெளிவந்த நூலுக்கு மட்டும், அதுவும் நாவல், கவிதை, நாடகம், சிறுவர் இலக்கியம் என்று நான்கு ஆண்டுச் சுழற்சியில். நடுவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். 2015இல் சிறுவர் இலக்கியத்துக்கு அதுதான் நடந்தது.

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் எழுதுகிறவர்களுக்கு மபாட்டி கார்னெல் என்று 2014இல் தொடங்கி, இப்போது சஃபால் பெயரில் நடக்கும் பரிசு இருக்கிறது. வெளிவராத கையெழுத்துப் பிரதியும் அனுப்பலாம். ஆங்கிலப் போட்டிகளைவிடக் கூட்டம் குறைவு; சுவாஹிலி நன்றாக வரும் என்றால் தோழி இதை ஒதுக்கக் கூடாது.

இனி, நல்ல கதையும் படிக்கப்படாமலே தள்ளப்படும் காரணங்கள். பெயர் மறைத்துப் படிக்கும் போட்டிகளில் கோப்பின் தலைப்பகுதியில் பெயர் இருந்தால் போயிற்று. பக்கத்தில் அழித்தால் மட்டும் போதாது: வேர்டு கோப்பின் ‘பிராபர்ட்டீஸ்’ பகுதியில் ஆசிரியர் பெயர் ஒளிந்திருக்கும், கோப்பின் பெயரிலும் இருக்கும். 5,000 சொல் என்றால் 5,040 கூடாது. கடைசி நேரம் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். கிரீன்விச் நள்ளிரவு என்றால் நைரோபியில் விடியற்காலை மூன்று மணி, லாபம்தான். நைரோபி நள்ளிரவு என்றால் நைஜீரியாவின் லாகோஸில் இரவு பத்துக்கே கதவு மூடிவிடும்.

கட்டணம் கேட்கும் போட்டி எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன கெய்ன், காமன்வெல்த், சில்லர்மேன் மூன்றுமே கட்டணம் வாங்குவதில்லை. பெயர் தெரியாத ஒன்று 20 டாலர் கேட்டால், போன ஆண்டு வெற்றியாளர் யார், அவர் கதை எங்கே வந்திருக்கிறது என்று தேடுங்கள். கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். அதைவிட ஆபத்தானது உரிமை பற்றிய வரி. வென்ற கதையை ஒருமுறை வெளியிட உரிமை கேட்பது நியாயம். ‘வந்து சேரும் எல்லாக் கதைகளின் உரிமையும் எங்களுக்கே’ என்று இருந்தால், தோற்ற கதையைக்கூட வேறெங்கும் அனுப்ப முடியாமல் போகும்.

ஒரே கதையை இரண்டு இடத்துக்கு அனுப்ப விதி இடம் கொடுத்தால் அனுப்பலாம். ஓரிடத்தில் தேர்வானதும் மற்ற இடத்துக்கு அன்றே விலகல் மடல் போட வேண்டும். எங்கே, எந்தத் தேதியில், கதையின் எந்த வடிவத்தை அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால்தான் இது நடக்கும். புனைபெயர் வைத்திருப்பவர் வங்கிக் கணக்கில் உள்ள சட்டப்பூர்வப் பெயரை விண்ணப்பப் படிவத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பணம் வரும்போது பெயர் பொருந்தாமல் வங்கியில் நின்றுவிடும்.

கடைசியாக, இதைப் படிக்கும் டர்பன், போர்ட் லூயிஸ் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. காமன்வெல்த் சிறுகதைப் பரிசு சுவாஹிலியைப் போலவே தமிழிலும் கதைகளை ஏற்கிறது. தென்னாப்பிரிக்காவும் மொரீஷியசும் ஆப்பிரிக்க வட்டாரத்தில் வருவதால், அந்தக் குடியுரிமை உள்ளவர் தமிழில் எழுதிய கதையை அப்படியே அனுப்பலாம்.