பஜ்ஜி எண்ணெயும் பிபிஏஆர் காமாவும்

வணக்கம் சார்,

குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். வேலூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு. உட்கரு ஏற்பிகள் (குறிப்பிட்ட மூலக்கூறு வந்து ஒட்டினால் ஜீன்களை இயக்கும் புரதங்கள்) பற்றி உங்கள் தளத்தில் வந்த கட்டுரையைப் படித்ததில் இருந்து ப்ராஜெக்டுக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது. பிபிஏஆர் காமா ஏற்பி கொழுப்பு அமிலங்களைப் பிடிக்கும், ஆக்சிஜனேற்றம் அடைந்த லினோலியிக் அமிலத்தை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதை ஈஸ்ட்டில் வைத்து, பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிக் கடைகளில் திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடலை எண்ணெயைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனையை உருவாக்க முடியுமா? பழைய எண்ணெய் என்றால் சிவப்பு, புது எண்ணெய் என்றால் மஞ்சள்.

எங்கள் லேபில் ஈ. கோலை மட்டுமே வளர்க்கிறோம். ஈஸ்ட் கட்டாயமா? ஏற்பியில் மூலக்கூறு உட்காரும் பையை மாற்றி, ஒரே ஒரு கொழுப்புக்கு மட்டும் பதில் சொல்லும்படி செய்ய முடியுமா? பாலாற்றுத் தண்ணீரையும் இதே முறையில் பார்க்கலாம் என்கிறார் என் கைடு. உங்கள் கருத்து வேண்டும்.

எம்., குடியாத்தம்

அன்புள்ள எம்.,

பஜ்ஜி எண்ணெய்க்கு இது வேலை செய்யாது. ஏன் என்று விளக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் காரணத்திலேயே முறையின் பாதி இருக்கிறது.

பிபிஏஆர் காமாவின் பைக்குள் கொழுப்பு அமிலம் நுழையும்போது அதன் கார்பாக்சில் முனையைச் செரின் 289, ஹிஸ்டிடின் 323, ஹிஸ்டிடின் 449, டைரோசின் 473 ஆகிய நான்கு அமினோ அமிலங்களும் பற்றிக்கொள்கின்றன. கடைசியில் சொன்ன டைரோசின் ஏற்பிப் புரதத்தின் 12-ஆம் சுருளில் இருக்கிறது. அமிலம் அதை இழுத்துப் பிடித்ததும் சுருள் பையின் வாயில் படிகிறது, அருகில் ஒரு பள்ளம் உருவாகிறது, லூசின்-எக்ஸ்-எக்ஸ்-லூசின்-லூசின் வரிசை கொண்ட துணை ஊக்கிப் புரதம் அதில் வந்து உட்காருகிறது. சுவிட்ச் என்பது இவ்வளவுதான். ஆனால் கடலை எண்ணெயில் மிகப் பெரும்பகுதி டிரைகிளிசரைடு. அதில் கார்பாக்சில் முனைகள் மூன்றும் கிளிசராலோடு கட்டுண்டு கிடக்கின்றன. ஏற்பிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. எண்ணெயை அப்படியே கொடுத்தால், அதில் தனித்து நிற்கும் கொஞ்சம் கொழுப்பு அமிலத்தை மட்டும் ஏற்பி பார்க்கும். அதை அளக்க ஒரு பியூரெட், 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன் போதும்.

சோப்பாக்கி அமிலங்களைப் பிரித்துக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கடலை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் ஒலீயிக்கும் லினோலியிக்கும். இரண்டுமே பிபிஏஆர் காமாவை இயக்குபவை, ஆகவே புது எண்ணெயும் சிவக்கும். லினோலியிக் ஆக்சிஜனேற்றப் பொருள்களான 9-ஹோட், 13-ஹோட் இரண்டும் நல்ல லிகண்டுகள் (ஏற்பியில் வந்து பிணைபவை) என்பது உண்மை (1998-இல் காட்டப்பட்டது). ஆனால் 170, 180 டிகிரி வாணலியில் அவற்றுக்கு முந்தைய ஹைட்ரோபெராக்சைடுகள் தங்குவதில்லை, உடைந்து ஆல்டிஹைடுகளாகின்றன. பழைய எண்ணெயில் சேர்வது இணைந்து தடித்த டிரைகிளிசரைடுகள், அவை எந்தப் பைக்குள்ளும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் எவ்வளவு கெட்டது என்பதன் அளவு) 25 சதவீதம். அதற்கு எண்ணெயில் முக்கிப் பார்க்கும் கருவி இருக்கிறது. அந்த வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள்.

உட்கரு ஏற்பியை உணர்வியாக்க நினைக்கும் பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ‘எந்தக் கொழுப்பு இருக்கிறது’ என்று ஏற்பி சொல்லாது. ‘என் பையில் பொருந்துவது எவ்வளவு, அதில் என்னை வந்தடைந்தது எவ்வளவு’ என்பதைத்தான் சொல்லும். பிபிஏஆர் காமாவின் பை 1300 கன ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவின் பை சுமார் 450, அதில் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் கச்சிதமாக உட்காருகிறது. முதலாவது பல கொழுப்புகளை மைக்ரோமோலார் அளவில் தளர்வாகப் பிடிக்கும். இரண்டாவது சிலவற்றை நானோமோலாருக்கும் கீழே இறுக்கிப் பிடிக்கும். மனிதரிடம் 48 உட்கரு ஏற்பிகள் உண்டு. உங்கள் கேள்வி எந்த வகை என்று தெரிந்த பிறகு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உணர்வியின் கட்டமைப்புக்கு வருவோம். பிபிஏஆர் காமா1-இன் லிகண்ட் பிணையும் பகுதி அமினோ அமிலம் 204 முதல் 477 வரை. நிறுத்தக் குறியோடு 825 டிஎன்ஏ கார இணைகள்தான் என்பதால் ஈஸ்ட் கோடான்களுக்கு மாற்றிச் செயற்கை ஜீனாகவே வாங்கலாம். அதன் முன்னால் ஒரு டிஎன்ஏ பிணைப்புப் பகுதி வேண்டும். பாலூட்டிச் செல்லில் என்றால் கேல்4-இன் முதல் 147 அமினோ அமிலங்களும், ஒளி தரும் லூசிஃபெரேஸ் ஜீனுக்கு முன் ஐந்து யுஏஎஸ் (கேல்4 பிடிக்கும் டிஎன்ஏ) வரிசைகளும் வழக்கம். ஈஸ்ட்டில் கேல்4 அதன் சொந்தப் புரதம், குளுக்கோஸ் வேறு அந்த ஜீன்களை அடக்கும். ஆகவே பாக்டீரியாவின் லெக்ஸ்ஏ-யும் அது பிடிக்கும் ஆபரேட்டர் டிஎன்ஏ வரிசைகளும் தொல்லை குறைவு. ஈஸ்ட்டில் பாலூட்டியின் துணை ஊக்கிகள் கிடையாது. அதனால் எஸ்ஆர்சி-1 என்ற துணை ஊக்கிப் புரதத்தில் அந்த லூசின் வரிசைகள் உள்ள நடுப்பகுதியை, ஜீனை இயக்கும் விபி16-உடன் ஒட்டி இரண்டாவது பிளாஸ்மிடில் கொடுங்கள். சுருள் மூடினால் மட்டுமே அது வந்து சேரும். அறிவிப்பு ஜீனாக (சுவிட்ச் இயங்கியதைக் காட்டுவது) லாக்இசட், நிறப் பொருள் சிபிஆர்ஜி, மஞ்சள் சிவப்பாகும்.

ஏற்பியை அதிகமாகச் செய்யவைத்தால் சமிக்ஞை கூடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. லிகண்ட் இல்லாமலே நிறம் ஏறும், வரும் கொஞ்ச லிகண்டும் அத்தனை ஏற்பிகளுக்கும் பங்காகிப் போகும். செல்லுக்கு ஓரிரு பிரதிகளே இருக்கும் சென்ட்ரோமியர் பிளாஸ்மிடும் பலவீனமான புரோமோட்டரும் போதும்.

அடுத்தது கொழுப்பைச் செல்லுக்குள் கொண்டுபோவது. என் கணக்கில் பரிசோதனையில் பாதி இதுதான். ஒலீயிக் அமிலம் 100 மில்லிமோலார் இருப்புக் கரைசலுக்கு ஒரு மில்லி எத்தனாலில் 28.2 மில்லிகிராம் (சுமார் 31.5 மைக்ரோலிட்டர்), லினோலியிக் என்றால் 28.0 மில்லிகிராம். கண்ணாடிக் குப்பியில், நைட்ரஜன் ஊதி மூடி, மைனஸ் 20-இல். லினோலியிக்கைத் திறந்துவைத்தால் அது தானாகவே ஆக்சிஜனேற்றம் அடையும். அப்போது நீங்கள் அளப்பது லினோலியிக்கை அல்ல, அதைவிடத் திறமையான ஹோட்களை. அடுத்து, கொழுப்பு அமிலம் நீக்கிய பிஎஸ்ஏ (கொழுப்பைச் சுமக்கும் மாட்டு ரத்தப் புரதம்) 0.2 மில்லிமோலார் (மில்லிக்கு 13.3 மில்லிகிராம்) 37 டிகிரியில் வைத்து, 990 மைக்ரோலிட்டருக்கு 10 மைக்ரோலிட்டர் இருப்புக் கரைசலை மெதுவாகச் சேர்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். 1 மில்லிமோலார் அமிலம், விகிதம் 5:1. இதைப் பத்து மடங்கு நீர்த்தால் 100 மைக்ரோமோலார், எத்தனால் 0.1 சதவீதம். சாதாரண பிஎஸ்ஏ வாங்காதீர்கள், அது கொழுப்பு அமிலங்களைச் சுமந்தே வரும்.

நீர்க்கும் விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. விகிதத்தை மாற்றாமல் கலவையையே நீர்த்தால், தனித்து நிற்கும் அமிலத்தின் அளவு அதிகம் மாறாது. இருப்பு மட்டும் குறையும், வளைகோடு தட்டையாக வரும். பிஎஸ்ஏ-யை எல்லாக் குழிகளிலும் ஒரே அளவாக வைத்து அமிலத்தை மட்டும் குறைத்தால், 5:1-இலிருந்து 1:1-க்கு வரும்போது தனித்து நிற்பது ஐந்தில் ஒன்றாக அல்ல, பல மடங்கு சரிந்துவிடும். இரண்டாவது வழியைப் பின்பற்றி, கிடை அச்சில் விகிதத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிஎஸ்ஏ விகிதம் குறிப்பிடாத கொழுப்பு அமில வளைகோட்டை நான் நம்புவதில்லை.

பிஎஸ்ஏ-க்குப் பதில் ட்வீன் 80 போடலாம் என்று யாராவது சொல்வார்கள். ட்வீன் 80 ஓர் ஒலீயிக் எஸ்டர். ஈஸ்ட் அதை உடைத்தால் வெற்றுக் குழியே சிவக்கும்.

செல்லுக்குள் போனதும் ஃபா1, ஃபா4 என்ற நொதிகள் அமிலத்தைக் கோஎன்சைம்-ஏ-யோடு கட்டிவிடும். பிறகு பெராக்சிசோமில் அது எரிந்துபோகும். 2 சதவீதக் குளுக்கோஸ் இருக்கும்வரை எரிப்பு அடங்கியிருக்கும். எரிப்பைத் தொடங்கும் பாக்ஸ்1 ஜீனை நீக்கினால் இன்னும் நல்லது. ஃபா1, ஃபா4 இரண்டையும் நீக்கிவிடலாமே என்றால், அப்போது ஈஸ்ட்டின் சொந்தக் கொழுப்பு அமிலங்கள் தனித்துக் குவிந்து வெளியேயும் வழியும், பின்னணி நிறம் ஏறும். அந்த வழியும் ஈஸ்ட் கொழுப்பு அமிலம் உற்பத்தி செய்வதை உள்ளிருந்தே கண்காணிக்க விரும்புபவருக்குப் பயன்படும். உங்களுக்கு அல்ல.

கன்ட்ரோல்களில் கஞ்சத்தனம் வேண்டாம். நேர்மறைக்கு ரோசிகிளிட்டசோன், பிபிஏஆர் காமாவை இயக்கும் மருந்து. பாலூட்டிச் செல்லில் 1 மைக்ரோமோலார் தாராளம், ஈஸ்ட் பிடிஆர்5 பம்பால் வெளியே தள்ளும் என்பதால் 10 வரை போய்ப் பாருங்கள். ஜிடபிள்யு9662 என்ற தடுப்பான் சிஸ்டின் 285-இல் நிரந்தரமாக ஒட்டி பையை அடைக்கும். அதைக் கொடுத்தும் நிறம் போகவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது ஏற்பியின் வேலை அல்ல. டைரோசின் 473-ஐ அலனினாக மாற்றிய ஏற்பி ஒன்று, எப்போதும் இயங்கும் லெக்ஸ்ஏ-விபி16 ஒன்று, இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதில் நிறம் குறைந்தால் உங்கள் மாதிரி ஈஸ்ட்டைக் கொல்கிறது என்று அர்த்தம்.

ஈ. கோலை பற்றி. புரதம் செய்ய உதவும், உணர்வியாக வைக்க எனக்கு விருப்பமில்லை. இந்த ஏற்பிகள் பாக்டீரியாவுக்குள் காலியாக இருப்பதில்லை. எஸ்எஃப்-1, எல்ஆர்எச்-1 என்ற உட்கரு ஏற்பிகள் இரண்டையும் ஈ. கோலையில் செய்து படிக அமைப்பு பார்த்தபோது பைக்குள் பாக்டீரியாவின் பாஸ்போலிப்பிடு உட்கார்ந்திருந்தது. பிபிஏஆர் டெல்டாவில் வாக்சீனிக் அமிலம் என்ற பாக்டீரியக் கொழுப்பு அமிலம். வீட்டைக் கட்டி முடிக்கும் முன்பே வாடகைக்கு ஆள் வந்துவிட்ட கதை. ஏற்பியை, தன்னைத்தானே வெட்டி வெளியேறும் புரதத் துண்டான இன்டீனுக்குள் செருகி தைமிடிலேட் சிந்தேஸ் நொதியோடு இணைத்து, தைமின் இல்லாத ஊடகத்தில் வளர்ச்சியையே அறிகுறியாக்கிய ஈ. கோலை உணர்விகள் உண்டு. அவை ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஏற்பிகளில் நன்றாக நடக்கும், ஏனென்றால் ஈ. கோலையிடம் அந்த ஹார்மோன்கள் கிடையாது. கொழுப்பு அமிலம் ஈ. கோலையிடம் எப்போதும் உண்டு.

பையை மாற்ற முடியுமா? முடியும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவை ஈஸ்ட்டில் சுற்றுச்சுற்றாகப் பரிணமிக்க வைத்து, எஸ்ட்ராடையாலைப் புறக்கணித்து 4,4'-டைஹைட்ராக்ஸிபென்சிலுக்குப் பதில் சொல்ல வைத்தார்கள். எலி ஆய்வில் தினமும் புழங்கும் கிரி-இஆர்டி2-உம் (டிஎன்ஏ-வை வெட்டும் கிரி நொதியோடு ஏற்பியை ஒட்டியது) அதே ஏற்பியின் பைதான். கிளைசின் 400, மெத்தியோனின் 543, லூசின் 544 மூன்றும் மாற்றப்பட்டு, உடலின் ஈஸ்ட்ரோஜனைக் கண்டுகொள்ளாமல் டாமாக்சிஃபெனுக்கு மட்டும் விழிக்கிறது. ஆனால் இவற்றில் விரும்பிய மூலக்கூறுக்கும் தவிர்க்க வேண்டியதற்கும் வடிவத்தில் தெளிவான வேறுபாடு உண்டு. ஒலீயிக்கையும் லினோலியிக்கையும் ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் பிரிக்கிறது. தளர்ந்த பெரிய பைக்குள் வளைந்து நெளியும் வாலில் அந்த வித்தியாசத்தைப் பிடிக்கச் சொல்வது பேராசை.

முயன்றே பார்ப்பதென்றால் ஓரிடத்தில் என்என்கே மாற்றம் (எல்லா அமினோ அமிலங்களையும் தரும் கலப்புக் கோடான்), 32 கோடான்கள், 96 காலனிகள் எடுத்தால் ஏறத்தாழ 95 சதவீதம் பார்த்ததாகும். இரண்டு இடம் என்றால் 1024, மூவாயிரம் காலனிகள். மூன்று இடம் என்றால் ஒரு லட்சம், கையால் எடுக்க முடியாது, தேர்வு வேண்டும். அறிவிப்பு ஜீனாக யூரா3 (யுராசில் செய்ய உதவும் ஜீன்) வைத்து, வேண்டிய கொழுப்போடு யுராசில் இல்லாத தட்டில் வளர்பவற்றை எடுங்கள். பிறகு வேண்டாத கொழுப்போடு மில்லிக்கு 1 மில்லிகிராம் 5-எஃப்ஓஏ (யூரா3 இயங்கினால் நஞ்சாகும் பொருள்) தட்டில் போடுங்கள். வேண்டாததற்கு விழிப்பவையும், எதுவும் இல்லாமலே விழித்திருப்பவையும் அங்கே சாகும். இந்த இரண்டாவது தட்டைச் சோம்பலில் விட்டுவிட்டால், பூட்டே இல்லாத கதவுகளைத்தான் சேகரித்திருப்பீர்கள்.

உங்கள் கைடு சொன்ன பாலாற்று யோசனை பஜ்ஜி எண்ணெயைவிட நல்லது, பிபிஏஆர் காமாவுக்குப் பதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை வைத்தால். ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டும் கொழுப்பு வகைதான், அது ஈஸ்ட் சுவரைச் சிரமமின்றிக் கடக்கும். சாக்கடைத் தண்ணீரில் இயற்கை ஈஸ்ட்ரோஜன் வரும். தோல் பதனிடுதலில் கொழுப்பு நீக்கப் பயன்பட்டு வந்த நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டுகள் சிதைந்து நோனைல்ஃபீனாலாகும், அது பலவீனமான ஈஸ்ட்ரோஜன், எஸ்ட்ராடையாலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. 1996-இல் வெளிவந்த ஈஸ்ட் ஈஸ்ட்ரோஜன் சோதனை இதற்குத் தயாராக இருக்கிறது. 2018-இல் ஐஎஸ்ஓ 19040 என்று தரநிலையும் வந்துவிட்டது. எத்தனாலில் மாதிரி 10 மைக்ரோலிட்டர் குழியில் விட்டு ஆவியாக்கி, ஈஸ்ட்டும் சிபிஆர்ஜி-யும் கலந்த ஊடகம் 200 மைக்ரோலிட்டர் சேர்த்து, 32 டிகிரியில் மூன்று நாள். நிறம் 540, கலங்கல் 620 நானோமீட்டரில்.

ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்துத் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், உப்பும் குரோமியமும் ஈஸ்ட்டைக் கொல்லும். ஒரு லிட்டரை வடிகட்டி கொழுப்பு நாட்டமுள்ள பொருள்களைப் பிடித்துவைக்கும் சி18 கார்ட்ரிட்ஜில் ஏற்றி, மெத்தனாலில் கழுவி இறக்கி, ஆவியாக்கி எத்தனாலில் எடுங்கள். அதே அளவு வடிநீரையும் இதே வழியில் கொண்டுபோங்கள். லேப் சோப்பில் எது இருக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஈஸ்ட் ஆட்கள் கொழுப்பைக் கரைக்கப் பயன்படுத்தும் டெர்ஜிடால் என்பி-40-உம் நோனைல்ஃபீனால் குடும்பம்தான். நோனைல்ஃபீனால் ஆவியாகி பக்கத்துக் குழிக்கும் தாவும், ஆகவே தட்டை ஒட்டித் தாளால் மூடி, வெற்றுக் குழிகளை அதிகச் செறிவு வரிசையிலிருந்து தள்ளி வையுங்கள்.

கத்திரி வெயிலில் இதைத் தொடங்காதீர்கள். வேலூரில் அறையே 38-ஐத் தாண்டும்போது, குளிர்விப்பு இல்லாத இன்குபேட்டர் 32-இல் நிற்காது. மரபணு மாற்றிய ஈஸ்ட் என்பதால் கல்லூரியின் உயிரிப்பாதுகாப்புக் குழு அனுமதி 1989 விதிகளின்படி தேவை. ஜீனுக்கோ ஈஸ்ட்டுக்கோ ஆர்டர் கொடுக்கும் முன்பே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.