மலைக் கிராமங்களும் திருச்சபையின் சமூகப் பணியும்

கேள்வி: கடம்பூர், தாளவாடி மலைகளில் வாழும் ஊராளி, சோளகர் பழங்குடி மக்களுக்குத் தானம் வழங்குவதைத் தாண்டி, கத்தோலிக்கச் சமூகப் பணியாளர்கள் என்ன செய்ய இயலும்? – வாசகர், சத்தியமங்கலம்.

பதில்: பழங்குடியினரின் நிலத்தைப் பாதிக்கும் பெருந்திட்டங்களில் அவர்களே முதன்மையான உரையாடல் பங்காளிகளாக வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதியிருப்பதால், இப்பணி அவர்களின் கிராம சபையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேன், கடுக்காய், நெல்லி போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உடைமையுரிமை அளிக்கிறது. ஆனால் உரிமைக்கோரிக்கையைச் சான்றுகளோடும் வரைபடத்தோடும் எழுதி, கிராம சபையின் தீர்மானத்துடன், கோரிக்கைகளை ஆராயும் அரசின் உட்கோட்டக் குழுவுக்கு அனுப்பி, பதில் வரும்வரை விடாமல் தொடர்வதற்கு எழுத்தறிந்த துணை தேவைப்படுகிறது. 1962-இல் இந்திய ஆயர்கள் தொடங்கிய காரித்தாஸ் இந்தியா என்ற சமூகப் பணி அமைப்பும் மறைமாவட்டச் சமூகப் பணி மையங்களும் அந்தத் துணையைத் தரலாம். ராகி, சாமை விதைகளைப் பெண்கள் குழுக்களே சேமித்துப் பகிர்வதற்கு உதவுவது அடுத்த பணி. எந்த உதவியையும் சமய மாற்றத்தோடு இணைக்கவே கூடாது.