எது அழியும்? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். கணக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் இரவு நேரங்களில் வானியல் காணொளிகளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குறுங்கோள், காமா கதிர் வெடிப்பு, வெடிக்கவிருக்கும் விண்மீன், அலைந்து திரியும் கருந்துளை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டுப் படுத்தால் உறக்கம் வருவதில்லை. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு குறுங்கோள் 2032இல் பூமியில் மோத ஒரு விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றார்கள். அது இரண்டாகி, மூன்றாகி, பிறகு சில நாள்களிலேயே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏறிக்கொண்டே வந்த எண் எப்படித் திடீரென்று சுழியாகும்? பீதி வேண்டாமென்று மறைத்துவிட்டார்களா? இந்த ஆபத்துகளுள் பூமியில் உயிர் என்பதையே முடித்துவைக்கக்கூடியது எது? 2029இல் இன்னொன்று வருகிறதாமே, அதற்கு அஞ்ச வேண்டுமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்விகளில் மிகக் கூர்மையானது அந்தக் கணக்கைப் பற்றியது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் குறுங்கோளின் பெயர் 2024 ஒய்ஆர்4. ஏறத்தாழ 60 மீட்டர் குறுக்களவு கொண்டது. 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி நடுவில் 3.1 விழுக்காட்டைத் தொட்டது. அந்த மாதம் முடிவதற்குள் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. புதிதாகக் கண்ட ஒரு பொருளைச் சில வாரங்கள் மட்டும் பார்த்துவிட்டு, எட்டாண்டுகள் கழித்து அது எங்கே இருக்கும் என்று கணித்தால், விடையாகக் கிடைப்பது ஒரு நீண்ட பட்டை. அந்தப் பட்டைக்குள் எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம். பட்டையின் நீளம் 12 லட்சம் கிலோமீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் குறுக்களவு சுமார் 12,700 கிலோமீட்டர். எனவே பட்டையில் பூமியின் பங்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு. மேலும் சில இரவுகள் பார்த்தபின் பட்டை 4 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்குகிறது, பூமி இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது என்றால், பங்கு மூன்று விழுக்காடாகிவிடும். குறுங்கோள் தன் பாதையில் இம்மியும் மாறவில்லை. வகுக்கும் எண் சிறுத்தது, அவ்வளவுதான். இன்னும் சுருங்கும்போது பட்டையின் விளிம்பு பூமியைக் கடந்து நகர்ந்துவிட்டால் எண் ஒரேயடியாகச் சரிந்துவிடும். பட்டையின் எல்லா இடங்களுக்கும் சம வாய்ப்பு இல்லை என்பதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் அதன் போக்கு இதுதான். 2004 டிசம்பரில் அபோபிஸ் என்னும் குறுங்கோளுக்கும் இதே கதை நடந்தது: வாய்ப்பு 2.7 விழுக்காடு வரை ஏறி, பழைய படங்களில் அது பதிவாகியிருந்தது கண்டறியப்பட்டதும் விழுந்தது.

மறைத்தார்களா என்று கேட்டீர்கள். அவதானிப்புகள் எல்லாம் பொதுவில் வெளியிடப்படுகின்றன. நாசாவும், ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும், இத்தாலியில் இயங்கும் நியோடிஸ் குழுவும் தனித்தனியே கணக்கிடுகின்றன. மூன்று தணிக்கையாளர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் சரிபார்க்கும் பேரேட்டில் ஒரு வரியை அழிப்பது எவ்வளவு கடினம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி பெரிய கேள்வி. நீங்கள் பார்க்கும் காணொளிகள் ‘அழிவு’ என்ற ஒரே சொல்லை மூன்று பொருளில் மாற்றி மாற்றிப் புழங்குகின்றன என்று நினைக்கிறேன். ஒரு நகரமோ நாகரிகமோ சிதைவது ஒன்று. மனித இனம் இல்லாமற்போவது இன்னொன்று. பூமியில் உயிர் என்பதே அற்றுப்போவது முற்றிலும் வேறு. 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்கா வனப்பகுதிக்கு மேலே வெடித்த பொருள், ஒய்ஆர்4 அளவிலானதாகத்தான் இருந்திருக்க வேண்டும். சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் காட்டை அது சாய்த்தது. பெருநகரம் ஒன்றின் மேல் நிகழ்ந்திருந்தால் கற்பனை செய்யவே கூசும் துயரம் அது. ஆனால் பூமியின் உயிர்வரலாற்றில் அதற்கு ஓர் அடிக்குறிப்புகூடக் கிடையாது.

உயிர்வரலாற்றில் உண்மையிலேயே பதிவான மோதல் எப்படித் தெரியவந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், எனக்குப் பிடித்த துப்பறியும் கதை அது என்பதால். இத்தாலியின் குப்பியோ நகருக்கு அருகே, சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவில், ஒரு விரல் கனத்துக்குக் களிமண் படிந்திருக்கிறது. அதற்குக் கீழே நிறைந்து கிடக்கும் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் அதற்கு மேலே ஏறக்குறையக் காணாமற்போகின்றன. அந்தக் களிமண் படிய எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதுதான் நிலவியலாளர் வால்ட்டர் அல்வாரெசின் கேள்வி. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளரான அவருடைய தந்தை லூயிஸ் அல்வாரெஸ் ஒரு வழி சொன்னார். இரிடியம் என்னும் உலோகம் பூமியின் மேலோட்டில் மிக அரிது. விண்வெளித் தூசியோடு அது சீராகச் சிறிதுசிறிதாக வந்து படிகிறது. எனவே களிமண்ணில் எவ்வளவு இரிடியம் இருக்கிறதென்று அளந்தால் காலத்தைக் கணக்கிட்டுவிடலாம். வேதியியலாளர்களான பிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அளந்து பார்த்தபோது, சுற்றியுள்ள பாறையில் இருந்ததைப்போல் சுமார் 30 மடங்கு இரிடியம் அந்த மெல்லிய அடுக்கில் இருந்தது. கடிகாரமாகப் பயன்படும் என்று எடுத்த பொருள் கொலைத் தடயமாக மாறிவிட்டது. பத்துக் கிலோமீட்டர் அளவிலான குறுங்கோள் மோதியிருக்க வேண்டும் என்று 1980இல் எழுதினார்கள். அந்த மோதலின் பள்ளம் மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், சிக்சுலுப் என்ற இடத்தில், சுமார் 180 கிலோமீட்டர் அகலத்துக்கு மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தது. எண்ணெய் தேடியவர்கள் 1970களின் இறுதியிலேயே அதன் தடத்தைப் பார்த்திருந்தும், 1991இல்தான் அது இந்தப் பள்ளமே என்று முறையாக நிறுவப்பட்டது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த மோதலில் உயிரினங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தன. மோதிய அதிர்ச்சியைவிட அதன் பின்விளைவுதான் அதிகம் கொன்றது. அந்த இடத்துப் பாறையில் கந்தகம் மிகுதி. ஆவியாகி மேலெழுந்த கந்தகமும் தூசியும் புகைக்கரியும் சூரிய ஒளியை மறைக்க, தாவரங்கள் பட்டன. அவற்றை நம்பியவை பட்டினியால் மடிந்தன. அப்படியிருந்தும் முதலைகள் தப்பின, ஆமைகள் தப்பின, பறவைகளாக மாறியிருந்த டைனோசர்கள் தப்பின, வளையில் பதுங்கிய சிறு பாலூட்டிகள் தப்பின. இத்தனைக்கும் உயிர்வரலாற்றின் ஐந்து பெரும் அழிவுகளில் விண்ணின் கைவரிசை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். ஐந்திலும் கொடியது 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அதற்கான காரணம் சைபீரியாவில் நெடுங்காலம் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பூமிக்குத் தன் பிள்ளைகளைக் கொல்ல வெளியாள் தேவைப்படவில்லை.

உயிரை முற்றாகத் துடைத்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சான்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறைப் பிளவில் தேங்கிய சுடுநீரில் ஒரு வகை பாக்டீரியா வாழ்கிறது. அதற்கு வெயில் தேவையில்லை, ஆக்சிஜன் தேவையில்லை. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சால் நீர் பிளவுபட்டு உண்டாகும் ஹைட்ரஜன் அதற்குப் போதும். மேலே வானம் இருண்டாலும் எரிந்தாலும் அதற்குச் செய்தி போய்ச் சேர நாளாகும். இத்தகைய உயிரையும் ஒழிக்க வேண்டுமென்றால் கடல்கள் கொதித்து ஆவியாகி, நிலமும் பல கிலோமீட்டர் ஆழத்துக்கு வெந்தாக வேண்டும். பத்துக் கிலோமீட்டர் குறுங்கோளால் அது ஆகாது.

விண்மீன் வெடிப்பைப் பற்றி: சுமார் 30 ஒளியாண்டுகளுக்குள் ஒரு பெரிய விண்மீன் வெடித்தால் ஓசோன் படலம் கடுமையாகச் சிதையலாம். அந்த எல்லைக்குள் அப்படி வெடிக்கக்கூடிய விண்மீன் எதுவும் இப்போது இல்லை. காணொளிகள் விரும்பிக் காட்டும் திருவாதிரை 500 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. 2019 இறுதியில் அது மங்கியபோது வெடிக்கப்போகிறது என்றார்கள். குறுக்கே வந்த தூசுப்படலமே முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அது வெடிக்கும் நாளில் பகலிலும் தெரியும் அளவுக்கு ஒளிரும், நமக்கு ஒன்றும் ஆகாது. அதே சமயம், அயலில் விண்மீன் வெடித்ததே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஆழ்கடலின் அடிப்பாறைப் படிவுகளில் இரும்பு-60 என்னும் கதிரியக்க இரும்பு கிடைத்திருக்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 26 லட்சம் ஆண்டுகள் என்பதால், பூமி பிறந்தபோது இருந்ததெல்லாம் எப்போதோ சிதைந்து தீர்ந்திருக்கும். இப்போது இருப்பது, சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் எங்கோ வெடித்த விண்மீன்களின் சாம்பல். அந்தச் சாம்பல் பொழிந்தபோதும் பூமியில் உயிர் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது.

காமா கதிர் வெடிப்பை, அதாவது விண்வெளியில் திடீரெனப் பீறிடும் ஆற்றல்மிக்க கதிர்க்கற்றையை, முதலில் கண்டவை, ரகசிய அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள், ஆண்டு 1967. 2022 அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்ந்த ஒரு வெடிப்பு, அங்கிருந்தே நம் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தைக் கலைத்துவிட்டுப் போனது. நம் பால்வழிக்குள் நிகழ்ந்து, அதன் கற்றை நேராக நம்மைக் குறிவைத்தால் பெருந்துன்பம்தான். 44.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவுக்கு அதுவே காரணம் என்று சிலர் கருதுகிறார்கள். நேரடிச் சான்று கிடையாது. அப்போதும் ஆழ்கடலுக்குச் சேதமில்லை. அலைந்து திரியும் கருந்துளையையும், வெற்றிடமே நிலைகுலைந்து ஒளியின் வேகத்தில் எல்லாவற்றையும் விழுங்கும் என்ற கோட்பாட்டையும் நான் விட்டுவிடுகிறேன். முதலாவதன் வாய்ப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. இரண்டாவது வந்தால் வந்தது யாருக்கும் தெரியவே தெரியாது. உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

ஆக, உயிரை முடித்துவைக்கப்போவது எது என்ற உங்கள் கேள்விக்கு என் விடை: சூரியன். அதன் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாற மாற, மையம் இறுகிச் சூடேறுகிறது. 100 கோடி ஆண்டுகளுக்குச் சுமார் 10 விழுக்காடு என்ற அளவில் சூரியன் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. சூடு ஏற ஏறப் பாறைகள் காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடை விரைவாக உறிஞ்சும். ஒரு கட்டத்தில் தாவரங்களுக்கு அது போதாமற்போகும். பிறகு கடல்நீர் ஆவியாகி மேலேறும்; அதன் ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிடும். இதற்கெல்லாம் இன்னும் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதால், உயிரின் நாளில் பிற்பகல் கழிந்து மாலை தொடங்கிய பிறகுதான் நாம் வந்திருக்கிறோம். இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது எனக்கு அச்சம் வரவில்லை. ஏதோ விருந்துக்குத் தாமதமாக வந்துவிட்டது போன்ற ஒரு கூச்சம்தான் வந்தது.

அதே சூரியன் நாளையே நம்மை வேறு வகையில் தொல்லைப்படுத்தலாம். 1859 செப்டம்பரில் வீசிய சூரியப் புயலில் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. 1989 மார்ச்சில், அதைவிடச் சிறிய புயல் ஒன்றால் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தது. உயிருக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. மின்கட்டமைப்பை நம்பி வாழும் நமக்குத்தான் உண்டு. கவலைப்பட்டே ஆக வேண்டுமென்றால் இதற்கும், நகரத்தை அழிக்கும் சிறு கற்களுக்கும் கவலைப்படுங்கள். இவற்றுக்கு ஏதேனும் செய்ய முடியும் என்பதால் சொல்கிறேன்.

2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதைப் பார்க்கவில்லை. கண்ணைப் பறிக்கும் ஒளியைக் கண்டு மக்கள் சன்னலருகே ஓடினார்கள். ஓரிரு நிமிடங்களுக்குப் பிறகே அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் சிகிச்சை தேடிச் சென்றார்கள். ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர் ஒளியைக் கண்டவுடன் பிள்ளைகளை மேசைக்கடியில் பதுங்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை, அவருக்குத்தான் கண்ணாடி வெட்டியது. பெரிய கற்களின் நிலைமை மேல். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை நாம் கண்டுபிடித்துவிட்டோம். 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் பாதிக்குமேல் இன்னும் கண்ணில் படவில்லை.

கண்டபின் என்ன செய்வது என்பதற்கு 2022 செப்டம்பர் 26 அன்று ஒரு விடை கிடைத்தது. நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அளவுள்ள டைமார்போஸ் என்னும் குறுங்கோள் மீது நொடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. அது தன் பெரிய துணையைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று வரையறுத்திருந்தார்கள். குறைந்ததோ 32 நிமிடம். பின்னோக்கிச் சிதறிய கற்களும் தூசியும் ராக்கெட் புகைபோல எதிர்த்தள்ளல் தந்ததே காரணம். ஆனால் இந்த வழி பலிக்க, ஆபத்து பல ஆண்டுகள் முன்னதாகவே தெரிந்தாக வேண்டும்.

நீங்கள் கேட்ட 2029 விருந்தாளி, மேலே சொன்ன அபோபிஸ்தான். சுமார் 340 மீட்டர் அளவு. அடுத்த நூறாண்டுகளுக்கு அது நம்மேல் மோதாது என்பது 2021இல் ரேடார் அளவீடுகளால் உறுதியாகிவிட்டது. 2029 ஏப்ரல் 13 அன்று, பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில், தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைவிட நெருக்கமாக அது கடந்துபோகும். பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைக்கும். அதன் சுழற்சியை மாற்றி, மேற்பரப்பில் மண்சரிவுகளைக்கூட உண்டாக்கலாம். பென்னு குறுங்கோளிலிருந்து மண் கொண்டுவந்த விண்கலம் இப்போது அதைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பகுதிகளில் இருண்ட வானம் வாய்த்தவர்களுக்கு, நடுத்தர ஒளியுள்ள ஒரு விண்மீன் மெல்ல நகர்ந்துபோவதுபோல் வெறுங்கண்ணுக்கே தெரியும். அன்றிரவு நீங்கள் உறங்காமல் இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்புடன்.