நாட்டுப்புற நடனத்தில் ‘ஜிப்ஸி’, ‘லேடீஸ், ஜென்ட்ஸ்’ போன்ற பழைய சொற்களை, அவை புண்படுத்துகின்றன என்று மாற்றினால் மரபு கெட்டுவிடாதா?

கெடாது. கேள்வியில் ‘ஜிப்ஸி’ என்ற சொல்லையும் ‘லேடீஸ், ஜென்ட்ஸ்’ என்ற அழைப்புகளையும் சேர்த்தே குறிப்பிட்டிருப்பதால், அமெரிக்காவில் ஏதோ ஒரு காண்ட்ரா நடனக் கூடத்தில் இந்தச் சச்சரவை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மேற்கு மாசசூசெட்ஸில் பல ஆண்டுகளாக ஆடிவருபவள், அண்மைக்காலமாக மேடையேறிக் காலராகவும் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காக: காண்ட்ராவில் இணைகள் நீண்ட வரிசைகளில் எதிரெதிரே நிற்பார்கள். ஃபிடில் இசைக்கேற்ப அடுத்த அசைவு என்ன என்பதை ஒலிவாங்கியில் முன்கூட்டியே சொல்பவர்தான் காலர். அந்த அசைவுகளுள் ஒன்றில் இருவர் ஒருவரையொருவர் தொடாமல், கண்ணோடு கண் நோக்கியபடி, வலத்தோள்கள் அருகருகே இருக்கச் சுற்றிவருவார்கள். அதற்குத்தான் ‘ஜிப்ஸி’ என்று பெயர் இருந்தது. இப்போது பல இடங்களில் ‘ரைட் ஷோல்டர் ரவுண்ட்’ என்கிறோம்.

இந்த மாற்றத்திற்குப் பிறகு ஒரு மாலை, நான் காலராக அசைவுகளைச் சொல்லி முடித்த இடைவேளையில், மூத்த ஆட்டக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, நாற்பது ஆண்டுகளாக இந்தச் சொல்லைக் கேட்டுவருவதாகவும், இந்தக் கூடத்தில் ஒருவரும் அதனால் புண்பட்டதில்லை என்றும், வேறு நாட்டிலிருந்து வந்த எனக்கு இந்த மரபின் அருமை புரியாது என்றும் கூறினார். கடைசிச் சொல் எனக்கு வலித்தது. ஆயினும் நான் மறுத்தது ஒருவரும் புண்பட்டதில்லை என்ற கூற்றைத்தான். ஐரோப்பாவில் பிறரால் ‘ஜிப்ஸி’ என்று அழைக்கப்பட்டுவந்த ரோமா மக்கள் அந்தக் கூடத்தில் எத்தனை பேர் ஆட வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் வந்ததாக அவருக்கு நினைவில்லை. வராதவர்களின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. இங்கிலாந்தில் 1554-ஆம் ஆண்டுச் சட்டம், ரோமா மக்கள் நாட்டைவிட்டு வெளியேறாவிட்டால் மரண தண்டனை என்றது. நாஜிகள் அவர்களை இலட்சக்கணக்கில் கொன்றார்கள். 1971-இல் லண்டனருகே கூடிய முதல் உலக ரோமானி மாநாடு, பிறர் இட்ட பெயர்களை விலக்கி ‘ரோமா’ என்பதை ஏற்றது. பிரிட்டனில் ‘ஜிப்ஸி’ என்றே தங்களைப் பெருமையுடன் அழைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்நாட்டின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அப்படி ஒரு பிரிவு உண்டு. அதை மறைத்து வாதிட நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் உரிமை, அந்தப் பெயரை ஓர் ஆட்ட அசைவுக்குச் சூட்டும் உரிமையாக நமக்கு வந்துவிடாது.

மரபு என்ற வாதத்துக்கும் வலுவில்லை. காண்ட்ராவுக்கு மூலமான இங்கிலாந்தின் நாட்டு நடனங்களைப் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்டு அச்சிட்டது 1651-இல். இந்த அசைவின் பெயராக அச்சொல் அமெரிக்கக் காண்ட்ராவில் ஊன்றியதோ இருபதாம் நூற்றாண்டில்தான். நாட்டுப்புற நடனங்களைச் சேகரித்த செசில் ஷார்ப் தொகுத்த, மோரிஸ் என்ற இங்கிலாந்து நடனத்தின் குறிப்புகளில் ஓர் அசைவுக்கு ‘ஹோல் ஜிப்’ என்ற பெயர் உள்ளதைக் காட்டி, ‘ஜிப்ஸி’ என்பது ரோமா மக்களைக் குறிக்கவே இல்லை என்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் நான் ஆடத் தொடங்கிய காலத்தில் சில காலர்கள் இதைக் கற்பித்தபோது, மயக்கும் பார்வையோடு, ஜிப்ஸியைப் போல் சுற்றுங்கள் என்றே சொன்னார்கள். முன்பின் அறியாத ஆடவரின் கண்களை அப்படி நோக்கச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்றும் நினைவிருக்கிறது. புதுப் பெயர் எந்தத் தோள், எந்த அசைவு என்பதை மட்டும் சொல்கிறது. முதல்முறை வருபவருக்கும் விளங்குகிறது.

பொருட்படுத்த வேண்டிய எதிர்ப்பு ஒன்றுண்டு. காண்ட்ரா மெட்டு 64 தட்டுகள் கொண்டது. பெரும்பாலான அசைவுகளுக்கு எட்டுத் தட்டுகள். முந்தைய அசைவின் கடைசி நான்கு தட்டுகளுக்குள் அடுத்த அழைப்பு முடிந்தாக வேண்டும். ஈரசைச் சொல்லுக்குப் பழகிய நாவுக்கு நாலசைத் தொடர் இடறுகிறது. ஒரு தட்டு முன்னதாகத் தொடங்கிப் பழகினால் சரியாகிவிடும்.

2023-இல் தமிழ்நாட்டில் குறவன் குறத்தி ஆட்டம் தடைசெய்யப்பட்டதைப் பின்னூட்டத்தில் யாரேனும் குறிப்பிடலாம். அங்கே ஆட்டமே ஒரு சமூகத்தை வேடமாக்கி இழிவுசெய்கிறது என்பது குற்றச்சாட்டு. இங்கே பெயரை எடுத்துவிட்டால் அசைவில் குறை ஏதும் எஞ்சுவதில்லை.

‘லேடீஸ், ஜென்ட்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘ராபின்ஸ், லார்க்ஸ்’ என்பது வேறு விஷயம். தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள். நியூ இங்கிலாந்தில் 1980-களின் இறுதியிலிருந்தே யாரும் எந்தப் பக்கமும் ஆடும் கூட்டங்கள் நடந்துவருகின்றன. இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் நிற்பவர் ராபின்; லெஃப்ட்–லார்க், ரைட்–ராபின் என்று ஆங்கில முதலெழுத்துகளே பக்கத்தை நினைவூட்டும். இரு பெண்கள் சேர்ந்து ஆடும்போது இது எவ்வளவு எளிது என்பதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். எனக்கு இது பிடிக்கும். ஆனால் இதை ஏற்காத கூடத்தைக் குறைசொல்ல மாட்டேன்.

எனக்குள்ள மனக்குறை வேறு. நான் அறிந்த ஓர் ஊரில், பல்லாண்டுகள் காலராக இருந்த முதியவர் பழக்கத்தால் பழைய சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டார்; அமைப்பாளர்கள் அவரை எல்லார் முன்னிலையிலும் திருத்தினார்கள். அதன்பின் அவர் வரவில்லை. இடைவேளையில் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம், அவர் கேட்டிருப்பார். பலருக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

நீங்கள் காலராக இருந்தால், உங்கள் நடனக் குறிப்பு அட்டைகளில் அசைவின் பெயரை இன்றே திருத்திவிடுங்கள். நடனத்தின் தலைப்பிலேயே அச்சொல் இருந்தால், இயற்றியவர் பெயரை மட்டும் அறிவிக்கிறேன். அவர் உயிருடன் இருந்தால் தலைப்பை என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டுவிடுகிறேன்.