எட்டு வருடம் பரதம் படித்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் கொழும்பில் பாலே தேர்வு. மட்டக்களப்பில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?

தங்கச்சி, கடற்கரை மணலில் குதித்துப் பழகுகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் அப்படி எழுதவில்லைதான். ஆனால் இங்கே பாலே வகுப்புத் தேடிக் கிடைக்காத பிள்ளை வேறு எங்கே போய்க் குதிப்பாள்? நான் கல்லடிக் கடற்கரைக்குத்தான் போனேன்.

2011. எனக்கு இருபது வயது, ஒன்பது வருடப் பரதம், அரங்கேற்றமும் முடிந்திருந்தது. கொழும்பில் ஒரு பாலே பள்ளி மேடை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறது, வேறு நடனம் படித்தவர்களும் வரலாம் என்று கூட்டாளி ஒருத்தி சொன்னாள். நெற் கபேயில் யூடியூப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளியே (முழங்கால் மடித்து இறங்குவது), ரெலெவே (குதிகாலைத் தூக்கி எழும்புவது) எல்லாம் செய்வேன். "என்னகா புள்ள, யன்னலக் கழட்டப் போறியா?" என்று அம்மா குசினியிலிருந்து கத்துவார். குதிப்பதெல்லாம் பின்னேரம் மணலில். கால் பலப்படும் என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு மாதம் குதித்தேன். பலப்பட்டது உண்மைதான்.

கூட்டாளி வாங்கி அனுப்பிய பாலே சப்பாத்தில் எலாஸ்டிக் தைத்திருக்கவில்லை, துண்டாக உள்ளே கிடந்தது. பழுதான சப்பாத்து என்று நினைத்துவிட்டேன். நாமே காலுக்கு அளந்து தைக்க வேண்டுமாம், அது தெரியவந்தது புறப்படும் அன்றுதான். இரவுக் கோச்சியில் அந்த மங்கல் வெளிச்சத்தில், பெட்டி ஆடுகிற ஆட்டத்துக்கு விரலிலும் துணியிலும் மாறி மாறிக் குத்தித் தைத்து முடித்தேன். ஒரு கால் இறுக்கம், மற்றது தொளதொள.

தேர்வு என்றால் தனியாக ஆடிக் காட்டச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நெஞ்சில் இலக்கம் குத்தி, எல்லாரையும் சேர்த்து ஒரு வகுப்பு நடத்தினார்கள், அவ்வளவுதான். முதலில் கம்பியைப் பிடித்து, அப்புறம் நடுத்தளத்தில், கடைசியில் குதிப்பு. கம்பியில் நான் மோசமில்லை. பரதத்தில் முழங்காலைப் பக்கவாட்டில் மடித்து அரைமண்டி இருந்து பழகியவளுக்குத் தொடை இடுப்பிலிருந்து வெளியே திரும்பும், முழங்கால் பாதம் பார்க்கும் திசையிலேயே மடியும். பிளியேக்கும் அதுதான் வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. அரைமண்டியில் நாம் இருந்துவிடுவோம், பிளியேயில் இறங்கி எழும்ப வேண்டும், அதிலிருந்துதான் குதிப்பே வரும். பாதத்தை இன்னும் விரித்துக் காட்டவேண்டும் என்று முழங்காலை மட்டும் முறுக்காதீர்கள், மூட்டுப் போய்விடும்.

குதிப்பு வந்தது. மரத்தரை. நான் இறங்கினேன், தொப்! பியானோ வாசித்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவில் சத்தம் வராவிட்டால் ஆசிரியையின் தட்டுக்கழி நம் பக்கம் வரும் என்று வளர்ந்தவள் நான். பாலேயில் சத்தமே வரக்கூடாது. விரல் நுனி, முன்பாதம், கடைசியாகக் குதிகால், கூடவே முழங்கால் மடிய வேண்டும். யூடியூப்பில் பார்த்து இது எனக்குத் தெரியும். செய்துகொண்டிருப்பதாகவும் நினைத்திருந்தேன். மணலில் எப்படி விழுந்தாலும் சத்தம் வராதே! அங்கிருந்த ஆசிரியை வந்து திருத்தினார். அடுத்த முறை குறைந்தது, அதற்கடுத்த முறை பழையபடி தொப்.

எடுக்கவில்லை. வெளியே வரும்போது திருத்திய அந்த ஆசிரியையே கூப்பிட்டு, "சொன்னதும் மாற்றிப் பார்த்தாய், பாதிப்பேர் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஒரு வருடம் படித்துவிட்டு வா" என்றார். வாரா வாரம் கொழும்புக்குப் போய்வர எங்களிடம் ஏது காசு?

ஏன் இல்லை என்றும் சொல்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். முந்திய வருடம்தான் என் அரங்கேற்றம். மண்டபம், பக்கவாத்தியம், நகை செற், பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, வந்தவர்களுக்குச் சாப்பாடு. அம்மாவின் காப்பு இரண்டும் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பவேயில்லை. இரண்டு மணித்தியாலம் ஆடியதற்கு! இப்போது நானும் பரதம் படிப்பிக்கிறேன், என் பிள்ளைகளை வகுப்பு நடக்கும் விறாந்தையிலேயே அரங்கேற்றுகிறேன். அதற்கும் பேச்சு வாங்குகிறேன். பரதத்தைக் குறைத்துப் பேசுகிறாள் என்று இங்கே யாரும் வரவேண்டாம், என் சோறு அதில்தான்.

சரி, உங்கள் இரண்டு மாதம். அசைவுகளின் பெயர்களைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 1661இல் பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயி நடனத்துக்கென்று ஒரு கழகம் அமைத்த காலத்திலிருந்து வருகிற பிரெஞ்சுப் பெயர்கள், கொழும்பானாலும் லண்டனானாலும் அதேதான். ஐந்து பாத நிலைகளும் தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும். விரல் நுனியில் நிற்கும் கட்டிச் சப்பாத்தை இப்போது வாங்கவே வேண்டாம், அது வருடக்கணக்கில் படித்த காலுக்கு. குதித்துப் பழக வீட்டார் படுத்த பிறகு உள்வீடு நல்லது, யாராவது எழும்பினால் நீங்கள் பிழையாக இறங்கியிருக்கிறீர்கள். சீமெந்துத் தரை என்றால் பத்துப் பன்னிரண்டு குதிப்போடு விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கணுக்காலுக்கு மேலே எலும்பு வலிக்கத் தொடங்கும். யூடியூப்பில் புதுப்புது வரிசையாகப் பார்த்து, ஒரே தரத்தில் பிடிக்கப் பழகுங்கள். அங்கே இரண்டாம் தரம் காட்டமாட்டார்கள்.

மற்றது, அன்றைக்குத் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காதீர்கள். கொண்டையில் ஒரு ஊசியும் நிற்காது.