விமானத்தைக் காணவில்லை என்றால்: கேள்வி பதில்

மோசமான வானிலையில் ஒரு பயணிகள் விமானம் தொடர்பை இழந்தது என்று செய்தி வந்தால் போதும், அரை மணி நேரத்தில் என் போன் சூடாகிவிடும். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எல்லாரும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொன்னேன், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். 'விமானி தூங்கிவிட்டாரா' ரகக் கேள்விகளை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, விமானம் விழுந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிகிறது. ஆனாலும் அதிகாரிகள் மணிக்கணக்கில் 'காணவில்லை', 'தொடர்பில் இல்லை' என்றே சொல்கிறார்கள். எதை மறைக்கிறார்கள்?

'எல்லாருக்கும் தெரிகிறது' என்கிறீர்களே, யாருக்குத் தெரியும்? கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பார்ப்பது திரையில் ஒரு புள்ளி, பக்கத்தில் விமானத்தின் அழைப்புப் பெயர், உயரம், வேகம். அந்த எழுத்துகளை ரேடார் தானாகக் கண்டுபிடித்துப் போடுவதில்லை. கீழிருந்து அது கேட்கிறது, விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்கிறது. பதில் நின்றுபோனால் கணினி உடனே புள்ளியை அழிக்காது. கடைசியாகப் போன திசையிலேயே இன்னும் சில சுற்று நகர்த்திக் காட்டும், அப்புறம்தான் அழிக்கும். மின்சாரம் போயிற்றா, டிரான்ஸ்பாண்டர் கெட்டதா, விமானமே விழுந்ததா? மூன்றுக்கும் திரையில் ஒரே காட்சிதான்.

அதனால் உலகம் முழுக்க மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதலில் நிச்சயமின்மை, அடுத்து எச்சரிக்கை, கடைசியில் ஆபத்து. எங்கள் பாஷையில் இன்செர்ஃபா, அலெர்ஃபா, டெட்ரெஸ்ஃபா. 2014 டிசம்பர் 28 அன்று சுரபயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய ஏர்ஏசியா 8501 ரேடாரிலிருந்து மறைந்தது காலை 6.18 வாக்கில். முதல் படி 7.08க்கு, இரண்டாவது 7.28க்கு, மூன்றாவது 7.55க்கு அறிவிக்கப்பட்டது. 'ஒன்றரை மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்' என்று அன்றைக்கு எல்லாரும் திட்டினார்கள். பக்கத்து நிலையங்களைக் கேட்பது, அருகில் பறக்கும் விமானங்களைக் கூப்பிடச் சொல்வது, வேறு எங்காவது இறங்கியிருக்கிறதா என்று விமான நிலையங்களில் விசாரிப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். இன்னும் வேகமாகச் செய்திருக்கலாமா என்று கேட்டால், கேட்பதில் நியாயம் இருக்கிறது. மறைத்தார்கள் என்பதில்தான் இல்லை.

கேள்வி: அதே 8501 பற்றித்தான் என் கேள்வியும். விமானி உயரே போக அனுமதி கேட்டார், கட்டுப்பாட்டாளர் கொடுக்கவில்லை, அதனால்தான் 162 பேர் செத்தார்கள் என்று படித்தேன். உங்கள் துறைக்காரர் என்பதால் மழுப்ப மாட்டீர்களே சார்?

மழுப்பவில்லை. ஆனால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் 32,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. எதிரே இடிமேகம். இடது பக்கம் விலகவும் 38,000 அடிக்கு ஏறவும் அனுமதி கேட்டார்கள். விலகுவதற்குத் தடை இல்லை. ஏறுவதற்குக் காத்திருக்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். மேலே வேறு விமானங்கள் இருந்தன. வானத்தில் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குப் போக வழி காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு விபத்தைத் தவிர்க்கப் போய் இரண்டு விமானம் மோதும். சில நிமிடத்தில் 34,000 அடிக்கு அனுமதி வந்தது. பதில் வரவில்லை.

மக்கள் அதோடு கதையை முடித்துவிட்டார்கள்: மேகம், அனுமதி மறுப்பு, விபத்து. அந்தக் கட்டுப்பாட்டாளரை அன்றைக்குப் பேசாத பேச்சில்லை. ஓர் ஆண்டு கழித்து, 2015 டிசம்பரில், இந்தோனேசிய விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. அதில் மேகம் குற்றவாளி இல்லை. விமானத்தின் வால் பகுதியில் திசைமாற்றிப் பலகை எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் ஒரு மின்னணுப் பெட்டி. அதற்குள் ஒரு சால்டரிங் பற்றில் விரிசல். இந்தக் கோளாறு அந்த வருடத்தில் மட்டும் 23 முறை தலைகாட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரீசெட் செய்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நாள் முன்னால் தரையில் ஒரு பொறியாளர் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துத் தள்ளி இதைச் சரிசெய்ததை அதே கேப்டன் நின்று பார்த்திருக்கிறார்.

அன்று பறக்கும்போது எச்சரிக்கை ஒலி நான்கு முறை வந்தது. நான்காவதுக்குப் பிறகு பதிவான அறிகுறிகள், யாரோ அந்த பிரேக்கரை இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. தரையில் சரிவரும் வேலை அது. ஆகாயத்தில் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது, விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதைச் சமாளிக்கும் குழப்பத்தில் மூக்கை மேலே தூக்கினார்கள். எந்த 38,000 அடிக்கு அனுமதி கேட்டார்களோ, கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு விமானம் தாறுமாறாக ஏறியது. வேகம் இழந்து, இறக்கைக்குத் தூக்கும் சக்தி போய், கடலில் விழுந்தது.

மேகத்துக்குப் பங்கே இல்லையா என்றால், மேகத்தால்தான் விலகினார்கள், கவனம் அங்கேயும் இருந்திருக்கும். அதற்கு மேல் அதன் தலையில் போட முடியாது. 34,000 அடி அனுமதி இரண்டு நிமிடம் முன்னதாக வந்திருந்தாலும் அந்தச் சால்டரிங் ஒட்டியிருக்காது.

கேள்வி: அப்படியானால் வானிலையால் பெரிய விமானம் விழவே விழாதா?

விழும். ஆனால் நாம் கற்பனை செய்கிற மாதிரி இல்லை. மின்னல் விமானத்தில் அடிப்பது சாதாரண விஷயம், பெரும்பாலும் வெளி உடலோடு ஓடி வெளியேறிவிடும். குலுக்கலில் இறக்கை முறிவது மிக மிக அரிது. வானிலை வேறு விதமாக வேலை செய்யும்: ஒரு சிறு தொல்லை கொடுக்கும், மிச்சத்தை மனிதர்களும் இயந்திரமும் சேர்ந்து முடித்துவைப்பார்கள்.

ஏர் பிரான்ஸ் 447ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ், 228 பேர். நிலநடுக்கோட்டுப் பகுதியின் இடிமேகக் கூட்டத்தில் பனிப்படிகங்கள் போய் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களை அடைத்தன. அடைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் ஆட்டோபைலட் விலகியது, விமானி மூக்கைத் தூக்கினார், அப்புறம் கடைசிவரை மீளவில்லை. இன்னொன்று: விமானத்து வானிலை ரேடாருக்கு மழைத்துளி நன்றாகத் தெரியும், காய்ந்த பனிப்படிகம் சரியாகத் தெரியாது. 'மற்ற விமானங்கள் சுற்றிப் போனபோது இது மட்டும் ஏன் உள்ளே போயிற்று' என்று கேட்ட நாலைந்து பேருக்கும் இதுவே என் பதில். ரேடாரை எந்தக் கோணத்தில் சாய்த்து வைத்தார் என்பதைப் பொறுத்து ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது.

கேள்வி: ஆபத்து என்றால் 'மேடே' என்ற அபாயக் குரல் கொடுக்கக்கூட நேரம் இருக்காதா?

நேரம் இருக்கலாம், கை ஓயாது. முதலில் விமானத்தைப் பிடி, அடுத்து எங்கே போகிறாய் பார், அதற்கப்புறம் பேசு. விமானிக்கு முதல் நாளே சொல்லித்தரும் வரிசை இது. கீழே இருக்கும் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவருக்காக ஒரு லிவரைக்கூட இழுக்க முடியாது.

கேள்வி: அண்ணா, மலேசிய விமானம் காணாமல் போனபோது பயணிகளின் போன் ரிங் போனதாகச் சொன்னார்களே. அப்படியென்றால் எங்கேயோ உயிரோடு இருந்தார்கள்தானே?

தம்பி, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும். நீங்கள் கூப்பிடும்போது காதில் கேட்கும் ரிங் ஓசை அந்தப் பக்கத்துப் போனிலிருந்து வருவதில்லை. அந்தப் போனைத் தேடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க், நீங்கள் வைத்துவிடாமல் இருக்க உங்களுக்குக் கேட்கவைக்கும் ஓசை அது. தேடிக் கிடைக்கவில்லை என்றால் துண்டித்துவிடும். 2014 மார்ச்சில் அந்த எம்எச்370 விமானத்தில் போன 239 பேரின் வீட்டார் அந்த ஓசையைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். சீனாவில் ஓர் ஊரில் பத்திரமாக இறங்கிவிட்டது என்று முதல் நாள் கிளம்பிய வதந்தியும் சேர்ந்துகொண்டது. பரப்பியவர்களில் பெரும்பாலானோர் நல்ல எண்ணத்தில்தான் பரப்பியிருப்பார்கள்.

கேள்வி: என் போனைத் தொலைத்தால் எந்தத் தெருவில் கிடக்கிறது என்று காட்டுகிறது. இவ்வளவு பெரிய விமானத்துக்கு அந்த வசதி இல்லையா? கறுப்புப் பெட்டி எதற்கு?

உங்கள் போனுக்குத் தெருவுக்குத் தெரு கோபுரம் இருக்கிறது, நடுக்கடலில் இல்லை. விமானத்தைப் பின்தொடரும் செயலியிலும் பெரும்பாலான விவரம் தரையில் இருக்கும் ரிசீவர்கள் வாங்கித் தருவதுதான். கரையிலிருந்து தள்ளிப் போனால் படம் நின்றுவிடும், அல்லது கணக்குப் போட்டு நகர்த்திக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு 'வட்டமடிக்கிறது', 'பின்னால் போகிறது' என்று தயவுசெய்து படம் பிடித்து அனுப்பாதீர்கள்.

கறுப்புப் பெட்டி (நிறம் ஆரஞ்சு, தெரிந்திருக்கும்) இரண்டு உண்டு: ஒன்று பறப்பு விவரங்களையும் மற்றது விமானி அறைப் பேச்சையும் பதிவு செய்யும். தண்ணீரில் விழுந்தால் 37.5 கிலோஹெர்ட்ஸில் 'டிக் டிக்' என்று ஒலி அனுப்பும். ரேடியோ அலை கடல்நீரில் ஊடுருவாது, அதனால்தான் ஒலி. ஆனால் அது கேட்பது சில கிலோமீட்டர் தூரம்தான். பேட்டரி அப்போதெல்லாம் 30 நாள், இப்போது 90 நாள் ஆக்கியிருக்கிறார்கள். மலேசிய விமானத்தின் இரண்டு பெட்டிகளில் ஒன்றின் ஒலிக்கருவி பேட்டரி 2012 டிசம்பரிலேயே காலாவதி ஆகியிருந்தது என்று அப்புறம் தெரிந்தது. வயிறு எரிகிறதா? எனக்கும்தான். ஜாவா கடலில் ஆழம் சுமார் 30 மீட்டர், அதனால் 8501இன் பெட்டிகள் இரண்டு வாரத்தில் கிடைத்தன. ஏர் பிரான்ஸ் விமானம் ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தில் கிடந்தது, கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று.

மலேசிய விமானத்துக்குப் பிறகு விதி மாறியது. கடல் மேல் போகும் விமானம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது இடத்தைச் சொல்ல வேண்டும். புதிதாகத் தயாராகும் பெரிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் தானாகவே நிமிடத்துக்கு ஒரு முறை சொல்ல வேண்டும். வந்த பிறகு சொல்கிறேன், இது முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: கருந்துளை, வேற்றுக்கிரகம், மந்திரவாதி… இதையெல்லாம் நம்புகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

ஒன்றும் சொல்ல மாட்டேன். மலேசிய விமானம் காணாமல் போனபோது அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே கருந்துளை பற்றிக் கேட்டார்கள், கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே ஒரு மந்திரவாதி தேங்காயோடு வந்தார். செயற்கைக்கோள் படங்களை வீட்டிலிருந்தே அலசிய லட்சக்கணக்கானவர்களை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் பார்த்த கடலில் விமானம் இல்லை என்பது வேறு விஷயம். கடைசியில் 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் கடற்கரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணில்தான் இறக்கைத் துண்டு பட்டது.

கேள்வி: என் தோழியின் அண்ணன் அப்படி ஒரு விமானத்தில் போயிருக்கிறார். அவள் வீட்டுக்குப் போகலாமா, தொந்தரவாக இருக்குமா? என்ன பேசுவது?

போங்கள் அம்மா, சார்ஜர் எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் வீட்டில் எல்லா போனும் செத்துக்கிடக்கும். முதல் வேலையாகத் தொலைக்காட்சியை அணையுங்கள். 8501 தேடுதலில் மிதந்த உடலை ஒரு சேனல் நேரலையில் காட்டியது, விமான நிலையத்தில் காத்திருந்த உறவினர்கள் அதைப் பார்த்து மயங்கி விழுந்தார்கள். சேனல் பிறகு மன்னிப்புக் கேட்டது.

விமான நிறுவனம் உறவினர்களுக்கென்று தனி எண் தரும். வீட்டில் ஒருவர் மட்டும் அதில் பேசட்டும். சுற்றில் வரும் பயணிகள் பட்டியலை நம்பாதீர்கள், டிக்கெட் எடுத்து ஏறாதவர் பெயரும் இருக்கும். 8501ஐ தவறவிட்ட பத்துப் பேர் கொண்ட ஒரு குடும்பமே இருந்தது. அப்புறம், சில நாளில் அவருடைய சீப்பு, பல் துலக்கும் பிரஷ், பல் மருத்துவர் எடுத்த எக்ஸ்ரே என்று கேட்பார்கள். அது அடையாளம் காண்பதற்கு. அம்மாவிடம் நேரே கேட்கவிடாமல் நீங்கள் நடுவில் நின்றுகொள்ளுங்கள். அதுவரை அவர் அறையை யாரும் கூட்டிப் பெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'நம்பிக்கையோடு இரு' என்றும் சொல்ல வேண்டாம், 'மனதைத் தேற்றிக்கொள்' என்றும் சொல்ல வேண்டாம். மலேசிய விமானத்தில் இனி நம்பிக்கை இல்லை என்ற செய்தியைச் சிலருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். அந்தக் கோபம் பல வருடம் ஆறவில்லை.

கேள்வி: காணாமல் போனதாகச் சொன்ன விமானம் திரும்பி வந்ததே கிடையாதா?

விழுந்த பிறகு திரும்பிய மனிதர்கள் உண்டு. 1972இல் ஆண்டிஸ் மலைப்பனியில் விழுந்த உருகுவே விமானத்தில் இருந்த 45 பேரில் 16 பேர் 72 நாள் கழித்து மீண்டார்கள். தேடுதல் நிறுத்தப்பட்டதை அவர்களே டிரான்சிஸ்டரில் கேட்டார்கள்.

மற்றபடி, செய்தியாகாமல் திரும்பியவை எத்தனையோ. என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். மழைக்கால இரவு, ரேடார் எட்டாத கடல் பகுதி. ஒரு விமானம் குறித்த இடத்தைக் கடந்ததும் கூப்பிட வேண்டும், கூப்பிடவில்லை. அதன் பெயர் எழுதிய காகித ஸ்ட்ரிப்பில் நேரத்தைக் குறித்தேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி நேரம் குறித்தேன். முப்பது நிமிடம் தாண்டியதும் முதல் படி அறிவித்தோம். அந்தப் பக்கம் போன இன்னொரு விமானத்தை அவசர அலைவரிசை 121.5இல் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஸ்ட்ரிப்பில் எழுத இடமே இல்லை, ஒரே நேரத்தை மூன்று தடவை எழுதியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

முப்பத்தெட்டாவது நிமிடம் குரல் வந்தது. அலைவரிசையில் ஓர் இலக்கத்தைத் தப்பாகத் திருப்பி வைத்திருந்தாராம். ரொம்பச் சாவகாசமாக, "என்ன விஷயம், ரொம்ப நேரமாகத் தேடினீர்களாமே?" என்று கேட்டார்.