விளையாட்டு அரங்கம்: வாசகர் கேள்வி – பதில்
டிம் டங்கனின் பல்கலைக்கழக ஆண்டுகள்

கேள்வி: பாடசாலைக் காலம் முழுவதும் கரப்பந்தாட்டமே ஆடினேன். பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னர், உயரத்தைப் பார்த்து என்னைக் கூடைப்பந்தாட்ட அணியில் சேர்த்தார்கள். இதுவரை ஆடிய போட்டிகளில் ஒரு புள்ளியும் பெறவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் டிம் டங்கனும் தமது முதற்போட்டியில் புள்ளி எதுவும் பெறவில்லை என்று நண்பர்கள் ஆறுதல் கூறுகிறார்கள். அது உண்மையா? அவருடைய தொடக்கம் எப்படி இருந்தது?
– மாணவர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: உண்மைதான், தம்பி. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக 1993ஆம் ஆண்டில் டங்கன் ஆடிய முதற்போட்டி, இரண்டாம் பிரிவைச் சேர்ந்த அலாஸ்கா அங்கரேஜ் அணிக்கு எதிரானது. தமது அணியிலும் கீழ்நிலையில் இருந்த அந்த அணிக்கு எதிராக அவரால் ஒரு புள்ளியேனும் பெற முடியவில்லை. ஆனால் அந்தச் செய்தியை மட்டும் ஆறுதலாக எடுத்துக்கொண்டால் உங்களுக்குப் பயன் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டங்கன் 1976இல் கரீபியன் கடலிலுள்ள சென்ட் குரோய் தீவில் பிறந்தவர். தந்தை மேசன், தாய் மருத்துவமாது. வீட்டில் நீச்சல்தான் முதல் விளையாட்டு. அக்கா ஒருவர் 1988ஆம் ஆண்டு சோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். டங்கனும் 400 மீற்றர் நீச்சலில் 1992 ஒலிம்பிக்கை இலக்கு வைத்துப் பயின்றுகொண்டிருந்தார். 1989 செப்டெம்பரில் வீசிய ஹூகோ சூறாவளி, தீவில் ஒலிம்பிக் அளவில் இருந்த ஒரே நீச்சல் தடாகத்தை அழித்துவிட்டது. கடலில் பயிற்சி பெறலாம் என்றார்கள். சுறாவுக்கு அஞ்சிய சிறுவன் அதற்கு உடன்படவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், அவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தாயார் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். அதன் பின்னர் அவர் நீச்சற்போட்டிகளுக்குத் திரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பில்தான், அத்தானின் ஊக்கத்தால், கூடைப்பந்தை உண்மையாகக் கையில் எடுத்தார். பயின்ற இடமும் பயில வைத்தவர்களும் ஒருசேர இல்லாமற்போவது என்ன என்பதை வன்னியில் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போரும் 2004 ஆழிப்பேரலையும் கொண்டுபோனவற்றுள் எத்தனை மைதானங்களும் எத்தனை விளையாட்டுக் கனவுகளும் இருந்தன என்பதை நீங்களே அறிவீர்கள்.

வேக் ஃபொரஸ்டின் பயிற்சியாளர் டேவ் ஓடம், தீவுக்குச் சுற்றுப்பயணம் சென்று திரும்பிய பழைய வீரர் ஒருவர் சொல்லித்தான் டங்கனைப் பற்றி அறிந்தார். அலொன்சோ மோர்னிங் என்ற பெயர்பெற்ற வீரருக்கு முன்னால் அந்தப் பையன் தடுமாறாமல் ஆடினான் என்பதே அவர் கொண்டுவந்த செய்தி. ஆனாலும் முதலாண்டில் அவரை ஆட விடாமல், ஓர் ஆண்டு பயிற்சியோடு மட்டும் வைத்திருக்கவே ஓடம் எண்ணியிருந்தார். அணியில் சேர இருந்த வேறோர் உயரமான வீரர் விதிமுறைச் சிக்கலால் ஆட முடியாமற்போகவே, டங்கனைக் களமிறக்க நேர்ந்தது. ஆகவே அவரும் உங்களைப் போலவே, முழுமையாகத் தயாராவதற்கு முன்னரே களத்துக்கு வந்தவர்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அந்த முதற்பருவம் முடிந்தபோது அவருடைய சராசரி ஒரு போட்டிக்கு 9.8 புள்ளிகள், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டில் அவருடைய சராசரி 9.6. புள்ளி எடுப்பதில் பிறரை நம்பியிருந்த காலத்திலேயே, பந்து திரும்பும் இடத்தைக் கணிப்பதிலும் எதிரணியின் எறிகையைத் தடுப்பதிலும் அவர் அணிக்கு இன்றியமையாதவராகிவிட்டார். இந்த இரண்டு வேலைகளுக்கும் நீண்டகாலப் பந்துப் பழக்கத்தைவிட நின்ற இடமும் தாவும் நேரமும் முக்கியம்; கரப்பந்தாட்டத்தில் வலையோரம் நின்று தடுத்துப் பழகிய உங்களுக்கு அந்த நேரக்கணிப்பு ஏற்கெனவே உண்டு. புள்ளிகள் பின்னால் வந்தன: இரண்டாம் ஆண்டில் 16.8, மூன்றாம் ஆண்டில் 19.1, நான்காம் ஆண்டில் 20.8. அந்த நான்காம் ஆண்டில் ரீபவுண்டு 14.7 ஆக உயர்ந்திருந்தது. 1995இலும் 1996இலும் வேக் ஃபொரஸ்ட் தனது வலயத்தின் சாம்பியனானது. எனவே, அடுத்த போட்டிக்குப் பிறகு உங்கள் பயிற்சியாளரிடம் எத்தனை ரீபவுண்டு எடுத்தேன், எத்தனை எறிகைகளைக் குழப்பினேன் என்று கேளுங்கள். அதை எவரும் குறித்துவைக்கவில்லையென்றால், களத்துக்கு வெளியே இருக்கும் நண்பர் ஒருவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் உயிரியற் பிரிவில் உயர்தரம் படிக்கிறான். கூடைப்பந்தாட்டப் பயிற்சிக்காக ரியூசன் வகுப்புகளைத் தவறவிடுகிறான். கேட்டால் வெளிநாட்டு வீரர்களின் பெயர்களைச் சொல்கிறான். அவர்களெல்லாம் படித்தவர்களா?
– தாய் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: எல்லோரையும் பற்றிச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் மேலே எழுதிய டங்கனின் கதையில் இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை உண்டு. இரண்டாம் ஆண்டு முடிவிலேயே, அவர் படிப்பை விட்டு வந்தால் தொழில்முறைக் கழகங்களின் தெரிவில் முதலாவதாக எடுக்கப்படக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. அதன் பொருள் பல மில்லியன் டொலர். அவர் போகவில்லை. பல்கலைக்கழகப் படிப்பை முடிப்பேன் என்று இறந்துபோன தாயாருக்குக் கொடுத்திருந்த வாக்கு அவருக்கு இருந்தது. 1997இல் உளவியலில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு தெரிவில் சன் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் கழகம் அவரை முதலாவதாகவே எடுத்தது. காத்திருந்ததால் அவர் இழந்தது எதுவுமில்லை: முதற்பருவத்திலேயே ஆண்டின் சிறந்த புதுமுக வீரரானார், அக்கழகத்துக்காகவே 19 பருவங்கள் ஆடி, ஐந்து முறை சாம்பியன் பட்டம் வென்றார்.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அமெரிக்காவில் திறமையான வீரருக்குப் பல்கலைக்கழகமே கல்விக்கட்டணமும் தங்குமிடமும் உணவும் வழங்குகிறது. வகுப்பில் குறித்த தரத்தைக் காக்காதவர் அணியில் ஆட முடியாது. அங்கே பந்தும் புத்தகமும் ஒரே கதவால் உள்ளே போகின்றன. எங்கள் நாட்டில் பெரும்பாலானோருக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறப்பது உயர்தரப் பெறுபேறும் இஸட் புள்ளியும்தான். விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் மிகச் சிறந்தவர்களுக்கு விசேட அனுமதி உண்டு. ஆனால் இடங்கள் மிகச் சொற்பம், அதற்கும் உயர்தரத்தில் சித்தி தேவை. மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் அந்த நிபந்தனைகளை மகனோடு சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். அதற்காகப் பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கிழமையில் எந்த நாட்கள் மைதானத்துக்கு, எந்த நாட்கள் வகுப்புக்கு என்பதை அவனே எழுதித் தரட்டும். எழுதியதை அவன் காக்கிறானா என்று பாருங்கள். தாயின் விருப்பத்தைத் தன் விருப்பமாக எடுத்துக்கொள்ளும் பிள்ளையிடம் அதட்டல் தேவைப்படாது, அப்படி எடுத்துக்கொள்வதற்கு அவனோடு பேச வேண்டும்.

கேள்வி: எமது பாடசாலையில் ஒரேயொரு வளையம்தான் உள்ளது. பதினாறு வயதில் தொடங்கும் உயரமான பையன்களுக்கு எதை முதலில் பழக்குவது?
– உடற்கல்வி ஆசிரியர், மாங்குளம்

பதில்: ஒரு வளையம் போதும், ஐயா. அதன் பின்னால் உறுதியான பலகை இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டங்கனின் பெயரோடு என்றும் சேர்த்துச் சொல்லப்படும் எறிகை, பக்கவாட்டில் நின்று பந்தைப் பலகையில் மோதவிட்டு உள்ளே விழுத்துவது. அதற்குத் தேவையானது அசுர வேகமோ உயரத் தாவலோ அல்ல, ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்பப் பழகும் பொறுமை. வளையத்தின் இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் சுண்ணாம்பால் குறியிட்டு, பலகையில் வரைந்த சதுரத்தின் அண்மை மேல்மூலையைக் குறிவைத்து எறியச் சொல்லுங்கள். எறியாதவர்கள் கீழே நின்று, திரும்பும் பந்தை இரு கைகளாலும் பிடிக்கட்டும். ஒரு வளையத்தைச் சுற்றி அணி முழுவதும் வேலை செய்யும், எவரும் வரிசையில் நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேராது.